ஈரப்பதம் எண்பது

பாலம் கட்டியவர்கள், அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், தாம் கட்டிய பாலத்தின்மேல் ஒருமுறை போய்வர ஏதேனும் ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். அலுவலகத்தில் ‘தசமம்’ என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த பொறியாளரோ, பதினொரு ஆண்டுகளாகப் போகாமலிருப்பதற்குக் காரணங்களை உண்டாக்கிக்கொண்டிருந்தாள்.

தனித்தனியே பார்த்தால் அவை நியாயமான காரணங்கள். அவள் கட்டிய புதுப் பாலத்தில் நெரிசல். பழைய பாலத்து வழியில் நல்ல மருந்துக்கடை. மாலையில் எதிர்வெயில். ஆனால் நாத்தனார் வீடு ஆற்றின் அக்கரையில். புதுப் பாலத்தில் போனால் பன்னிரண்டு நிமிடம், பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ஐம்பது. ஆறிப்போன சாப்பாட்டை ஒவ்வொரு முறையும் திரும்பச் சூடாக்கிப் பழகிய நாத்தனார், ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன் அண்ணி, சமைச்சவங்களே வாயில வைக்கலைன்னா, விருந்தாளி எந்த தைரியத்துல சாப்பிடுவாங்க?”

தங்கைக்குப் பதில் சொன்னவர் கணவர். அவர் பல் மருத்துவர். தன்னிடம் வைத்தியத்துக்கு வரும் பல் மருத்துவர்களும் இப்படித்தான், வலி உயிர் போனாலும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதோ சிறிது குறைவதைக் கணவர் கவனித்தார், கேட்கவில்லை.

பாலம் எஃகும் கான்கிரீட்டும் சேர்ந்தது. அடியில் நீளவாட்டில் எஃகு உத்திரங்கள். அவற்றின் மேல், யார்டில் முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகள். உத்திரத்தின் தலையில் பற்றவைத்த ஆணிகள் பலகையின் துளைகளுக்குள் நுழையும். துளைகளில் கலவையை ஊற்றி இறுகவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தொல்லை அதன்பிறகுதான் தொடங்கும். எஃகு வைத்தது வைத்தபடி கிடக்கும். கான்கிரீட்டோ உலர உலரச் சுருங்கும். பாரத்தைச் சுமக்கச் சுமக்க மெல்ல அமுங்கும். இது ஒரு நாளில் முடிவதன்று, ஆண்டுக்கணக்கில் நடப்பது. ஒன்று சுருங்கப் பார்க்க, மற்றொன்று விடாமல் பிடித்துக்கொள்ள, பாலம் நடுவில் கீழ்நோக்கி வளையும். இதைக் குடும்ப வாழ்க்கையோடு ஒப்பிட்டு அலுவலகத்தில் வழங்கிய வேடிக்கைகள் பல. அவற்றுள் ஒன்றுகூட அச்சேறத் தக்கதன்று.

இதற்கு எளிய மருந்து பொறுமை. வார்த்த பலகையை உடனே தூக்கிவைக்காமல் ஆறு மாதம் யார்டில் கிடத்திவிட்டால், சுருங்க வேண்டியதில் பெரும்பகுதியை அது அங்கேயே சுருங்கித் தீர்த்துவிடும். வரைபடத்தில் அவள் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஆனால் நடுக்கண்ணுக்கு, அதாவது நடுத் தூண்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு, உரிய முப்பத்திரண்டு பலகைகள் பலச் சோதனையில் தோற்றன. மறுபடி வார்க்க வேண்டியிருந்தது. திறப்பு விழா அழைப்பிதழ் அதற்குள் அச்சாகிவிட்டது. அன்றைய மேலதிகாரி அவளை அழைத்து, மூன்று வாரப் பலகைகளை வைத்தால் நடு எவ்வளவு இறங்கும் என்று கேட்டார். அது கட்டளையுமன்று, வேண்டுகோளுமன்று. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார், அவ்வளவுதான்.

கணக்கிட்டாள். நாற்பத்தொரு மில்லிமீட்டர். எல்லை முப்பது.

அந்தக் கணக்கில் காற்றின் ஈரப்பதத்துக்கு ஓர் எண் உண்டு. காற்று உலர்ந்திருந்தால் கான்கிரீட் அதிகம் சுருங்கும். ஈரமாக இருந்தால் குறைவாகச் சுருங்கும். அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரி அறுபது என்றது வானிலை ஏடு. பாலம் ஆற்றின்மேல் அல்லவா நிற்கிறது, ஆற்றின்மேல் வீசும் காற்று ஈரமாகத்தானே இருக்கும், எண்பது என்று கொண்டால் என்ன என்று தன் மனத்தைக் கேட்டாள். மனம் ஒப்பவுமில்லை, மறுக்கவுமில்லை. எண்பது போட்டதும் இருபத்தொன்பது வந்தது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டாள்.

ஆண்டில் ஏழு மாதம் அந்த ஆற்றில் மணல்தான் ஓடும்.

பதினோராம் ஆண்டில், அதே ஆற்றில் இன்னும் மேலே மற்றொரு பாலத்துக்கு வேலை தொடங்கியது. அதன் ஒப்பந்தக்காரர் தலைமைப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆறு மாதக் காத்திருப்பு வீண், இதே ஆற்றில், இதே வகைப் பாலத்தில், மூன்று வாரப் பலகைகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், பாலம் நன்றாகத்தானே நிற்கிறது, நகல் இணைத்துள்ளேன். இணைப்பின் அடியில் அவளுடைய கையெழுத்து, பதினொரு ஆண்டு இளமையோடு இருந்தது.

தலைமைப் பொறியாளர் அவளைவிட வயதில் சிறியவர், நியாயமானவர், நேரமில்லாதவர்.

“நீங்க போட்ட கணக்கு, நீங்களே அளந்து ஒரு அறிக்கை குடுத்துடுங்க மேடம். முப்பதுக்குள்ள இருந்தா அவருக்கும் அனுமதி. தாண்டியிருந்தா கிடையாது. வம்பே இல்ல பாருங்க.”

வம்பு எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அளவு முப்பதைத் தாண்டினால் கனரக வண்டிகளுக்குப் பாலம் மூடப்படும். ஏன் தாண்டியது என்று ஒருவர் தேடத் தொடங்கினால் அந்த எண்பதில் வந்து நிற்பார். தாண்டாவிட்டால் அதைவிடக் கேடு: அவள் சொன்ன பொய் விதியாகிவிடும். அந்த மற்றொரு பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பலகைகள் முற்றாமல் பச்சையாக ஏறும். ஏதோ ஒரு காரணத்தால் இது பிழைத்திருந்தாலும் அது பிழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டு வழியிலும் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லுவதற்கு முன் அளந்துவிடலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள். கடன் கேட்கப் போனவன் வாசலில் நின்று செருப்பைத் துடைப்பதுபோல.

பாலத்தை விடியலில், வெயில் படுமுன் அளக்க வேண்டும். வெயில் ஏறினால் தளத்தின் மேல்பக்கம் முதலில் சூடாகி, பூனை முதுகைத் தூக்குவதுபோல நடு எழும்பிக்கொள்ளும். நண்பகலில் அளப்பவர் தமக்கு வேண்டிய விடையை அளந்துகொள்ளலாம். அளக்க வந்தவரை எல்லாரும் ‘குமிழி’ என்பார்கள். மட்டம் பார்க்கும் லெவல் கருவியின் குமிழியைப் பார்த்தே இருபது ஆண்டுகள் ஓட்டியவர். இப்போது கருவியில் குமிழி போய் எண்கள் வந்துவிட்டாலும் பெயர் போகவில்லை. தன் பாலத்தின் நடுவரைக்கும் அவள் அன்றுதான் முதன்முதலாக நடந்துபோனாள். கால் கூசியது. பிறர் வீட்டுக் கூடத்தில் செருப்போடு நடப்பதுபோல் இருந்தது.

திறப்பு நாளில் எடுத்த மட்டங்களோடு ஒப்பிட்டு, “பதினஞ்சு” என்றார் குமிழி.

மறுபடி பார்க்கச் சொன்னாள். பதினைந்துதான். நாளைக்கும் பார்க்க வேண்டும் என்றாள். பாலம் ஓர் இரவில் வளர்ந்துவிடாது என்று முனகினாலும், மறுநாள் விடியுமுன் அவர் வந்துவிட்டார்.

“பதினஞ்சு புள்ளி ரெண்டு. உங்களுக்காகத் தசமத்தையும் சேத்துச் சொல்லிட்டேன். இப்பவாவது சிரிங்க மேடம்.”

அவள் சிரிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட நல்ல விடை வந்தால் மற்றவர்கள் இனிப்பு வாங்குவார்கள். அவள் கணக்கைத் திரும்பப் பார்ப்பாள். மூன்று வாரப் பலகைகளுக்குப் பதினைந்து வராது. காற்றை முழுக்கத் தண்ணீராக்கினாலும் வராது. ஆறு மாதப் பலகைகளுக்கு அவள் முதன்முதலில் போட்ட கணக்கில் பதினாறு வந்திருந்தது. அந்த ஒரு கணக்கோடு மட்டும் இந்தப் பாலம் ஒத்துப்போயிற்று.

உத்திரங்களுக்கு அடியில், பராமரிப்புக்கென்று தொங்கவிட்ட ஒரு குறுகிய நடைபாதை உண்டு. இருவரும் இறங்கினார்கள். கண்காணிப்புக்கு வருபவர்கள் அங்கே விரிசலையும் துருவையும் தேடுவார்கள். பலகையின் மூலையில் யார்டில் அடித்த கறுப்பு மை முத்திரையை யாரும் தேடுவதில்லை. அந்த யார்டில் அப்போது இரண்டு பாலங்களுக்கு ஒரே வரைபடத்தில் பலகைகள் வார்த்தார்கள். ஆற்றுப் பாலத்துப் பலகைக்கு வட்டம், கால்வாய்ப் பாலத்துப் பலகைக்கு முக்கோணம். உள்ளே எண், கீழே வார்த்த தேதி. கைவிளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முதல் கண் முழுவதும் வட்டம். நடுக்கண் தொடங்கியதும் முக்கோணம். அடுத்ததும் முக்கோணம். முப்பத்திரண்டும் முக்கோணம். தேதிகள், பாலத்தில் ஏற்றுவதற்கு ஏழு மாதம் முந்தையவை.

“மேடம், இதெல்லாம் வேற வீட்டுப் பிள்ளைங்க” என்றார் குமிழி.

அவள் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைக்குமேல் முதல் பேருந்து போயிற்று. பதினொரு ஆண்டுகளாக அங்கே இருப்பதாக அவள் நம்பிய குற்றம் அங்கே இல்லை. யாரோ எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டிருந்தார்கள். நன்றி வந்துவிட்டது, அதற்கு முகவரிதான் இல்லை.

சற்று யோசித்ததில் முகவரியும் கிடைத்தது. யார்டில் மேஸ்திரியாக இருந்தவர் அவளைவிட இரண்டு வயது இளையவர். அவளோடு மாதத்தில் பாதி நாள் சண்டை போட்டவர். பலகையின் ஓரம் ஒரு நூலளவு பிசகினாலும் அவள் திருப்பி அனுப்புவாள். அவர் அதே பலகையை அவள் கண்முன்னே அளந்து, பிசகில்லை என்று காட்டித் திரும்பக் கொண்டுவருவார். அனுமதிக் கடிதத்தை அவள் கொடுத்த அன்று மட்டும் சண்டையில்லை. இரண்டு முறை படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “சரிங்க மேடம்” என்றார். அந்தச் சரியில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அதனாலேயே அது அவளுக்கு நெடுநாள் உறுத்தியது.

பழைய யார்டு மூடப்பட்டுவிட்டது. மேஸ்திரி இப்போது நகரத்தின் ஓரத்தில், நடைபாதை ஓரக்கற்களும் பூங்கா இருக்கைகளும் வார்க்கும் சிறிய கூடம் ஒன்றை நடத்திவந்தார். அவள் போனபோது அச்சுப்பெட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விற்பனைக்கு வைத்திருந்த கான்கிரீட் இருக்கை ஒன்றில் அவளை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்தார்.

“அந்த முப்பத்திரண்டு பலகை” என்று தொடங்கினாள்.

“முக்கோணமா?” என்றார்.

மறைக்க ஒன்றுமில்லாதவர்போல அவர் சொன்னார். மூன்று வாரப் பலகையைக் கிரேனில் தூக்கினால் மூலை உதிரும். உதிர்ந்தால் கெட்ட பெயர் மேஸ்திரிக்குத்தான். கால்வாய்ப் பாலத்தில் அஸ்திவாரக் குழியில் ஊற்று கிளம்பி, இரவும் பகலும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஓராண்டுக்கு அங்கே பலகைக்கு வேலையில்லை என்பது யார்டில் எல்லாருக்கும் தெரியும். வரைபடம் ஒன்று, துளையும் ஒன்று. எனவே முற்றியதை இங்கே அனுப்பிவிட்டுப் பச்சையை அங்கே கிடக்கவிட்டார். அது பாலத்தில் ஏறியபோது அதற்குப் பதினான்கு மாதம். இரண்டு பாலத்துக்கும் குறையில்லை.

“பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டுப் போய் யாராவது வண்டியிழுக்க விடுவாங்களா, சொல்லுங்க.”

“ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் அவளை வியப்போடு பார்த்தார். பிறகு உள்ளே போய், இரும்பு அலமாரியைத் திறந்து, பாலிதீன் உறையில் சுற்றிய கார்பன் நகல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்தைத் தேடவில்லை, அடையாளம் வைத்திருந்தார். முக்கோணம் முப்பத்திரண்டு ஆற்றுப் பாலத்துக்கு. வட்டம் முப்பத்திரண்டு கால்வாய்ப் பாலத்துக்கு. காரணம்: பலகையின் வயது. அதன் கீழே அவள் கையெழுத்து. தேதி, அனுமதிக் கடிதத்துக்கு மறுநாள்.

அவளுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. மேசைக்கு வந்த காகிதங்களையெல்லாம் அன்று அவள் பார்க்காமலே கையெழுத்திட்டுத் தள்ளினாள். நன்றாகப் படித்துப் பார்த்தே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டவளுக்கு, மற்றவற்றைப் படித்து என்ன ஆகப்போகிறது என்றிருந்தது.

மேஸ்திரி புத்தகத்தைத் தடவிக்கொடுத்தார்.

“மேலிடத்துக் கடிதத்தை மீறி மாத்தினேன்னு யாராவது கிளப்பியிருந்தா என் வேலை போயிருக்கும் மேடம். நீங்க படிச்சீங்க, எதிர்த்து ஒரு கேள்வி கேக்காம கையெழுத்து போட்டீங்க. மேல அவங்களுக்கு ஒரு கடிதம், கீழ எனக்கு ஒரு கையெழுத்து. அதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும். வீட்டுல இன்னைக்கும் சொல்லிட்டிருப்பேன்.”

பதினொரு ஆண்டு நன்றி, பாலிதீனில் சுற்றிப் பூச்சி அரிக்காமல் காத்துவைத்தது, அவள் முன் இருந்தது. ஒன்றும் பேசாமல் தேநீரைக் குடித்தால் போதும், அது அவளுடையதாகிவிடும். அவருக்கும் அதனால் நட்டமில்லை. எண்பது என்று எழுதியபோதும் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் தோன்றியது.

“நான் அதைப் படிக்கல” என்றாள்.

மேஸ்திரி தேநீர்க் குவளையை இருக்கையின்மேல் வைத்தார்.

“ஒரு வரி கூடவா?”

“ஒரு வரி கூட.”

“படிச்சிருந்தா?”

தவறாகச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“திருப்பி அனுப்பியிருப்பேன். ரெண்டு பாலத்துக்கும் தனித்தனியா அனுமதி வாங்கிட்டு வாங்கன்னு எழுதியிருப்பேன். அது வர்றதுக்குள்ள பச்சைப் பலகை மேல ஏறியிருக்கும்.”

கூடத்தின் மறுகோடியில் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதன் பக்கம் பார்த்தார்; மோவாயைச் சொறிந்தார்; பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

“அப்ப இத்தனை வருஷமா, நீங்க படிக்காததுக்கா நான் நன்றி சொல்லிட்டிருந்தேன்? போகட்டும் மேடம். அதுக்கும் யாராவது ஒருத்தர் சொல்ல வேண்டியதுதானே.”

நன்றி சொல்லத்தான் தான் வந்ததாக அவள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் ஓர் இடத்தில் இறங்கியது. அவர் அதைக் கேளாதவர்போலத் தேநீர் ஆறிப்போகும் என்று நினைவூட்டினார். பிறகு அவள் எண்பதைப் பற்றியும், அந்த மற்றொரு பாலத்து ஒப்பந்தக்காரரைப் பற்றியும் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலை அறிக்கையில் சேர்க்கலாமா, அவர் பெயரை எழுதலாமா என்று கேட்டாள்.

“எழுதுங்க. முக்கோணத்தோட படத்தையும் போடுங்க. இல்லைன்னா கதைன்னு சொல்லுவாங்க.”

அறிக்கை மூன்று பக்கம். முதல் பத்தியில் தன் கணக்கைப் பற்றி எழுதினாள்: ஈரப்பதம் அறுபது என்று கொள்ள வேண்டிய இடத்தில் எண்பது என்று கொண்டேன், அறியாமல் அன்று. இரண்டாம் பத்தி மேஸ்திரியைப் பற்றியது. அந்த மூன்று பக்கத்தில் அவள் அடித்துத் திருத்தாமல் எழுதியது அது ஒன்றுதான். அளவுகளும் படங்களும் நகலும் பிறகு வந்தன. நல்ல நிலையில் உள்ள இப்பாலம் ஆறு மாதக் காத்திருப்புக்குச் சான்றே தவிர, அதைக் குறைப்பதற்குச் சான்றாகாது என்று முடித்திருந்தாள்.

தலைமைப் பொறியாளர் இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவளுக்கு அந்தக் கதவுச் சத்தம் பழக்கமானது.

“மேடம், முதல் பத்தி இல்லாமலேயே இந்த அறிக்கை நிக்குமே.”

“நிக்கும் சார். போகப்போக இறங்கிடும்.”

அவர் சிரிக்கவில்லை, ஆனால் மறுபடி கேட்கவுமில்லை. ஒப்பந்தக்காரரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவருடைய பாலத்துப் பலகைகள் ஆறு மாதம் வெயிலில் கிடக்கட்டும் என்று உத்தரவாயிற்று. மேஸ்திரிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் போயிற்று. அவளுக்கு ஒரு கண்டனக் குறிப்பு வந்தது. அதில் ஒரு தேதி தவறாக இருந்தது. திருத்தி, முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். சந்திப்பில் கணவர் வழக்கம்போலப் பழைய பாலத்துப் பக்கம் காரைத் திருப்பப் போனார்.

“நேரா போங்க” என்றாள்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். கேட்கவில்லை. நேராகப் போனார். பாலத்தின் நடுவில் பின்னால் வண்டி இல்லாததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்தார்.

“இங்க எவ்வளவு இறங்கியிருக்கு?”

“பதினஞ்சு புள்ளி ரெண்டு.”

“நல்லதா?”

“ரொம்ப நல்லது” என்றாள். “ஆனா அது நான் செஞ்சது இல்ல.” மீதியை அக்கரை சேர்வதற்குள் சொல்லி முடித்தாள். முடிப்பதற்கு அவ்வளவு சிறிய தூரமே போதும் என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. கணவர் இடக்கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். கேட்காமலிருந்த அத்தனை ஆண்டுகளுக்கும் சேர்த்து அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த நாத்தனார் ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், தெருவில் நின்ற கார் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதைப் பார்த்தாள்.

“என்ன அண்ணி இது, நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குள் போய், வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு. மெதுவா பண்ணு” என்றாள்.